ஈரத்தாளில் மஞ்சள் கறை

கலிஃபோர்னியாவின் மில்பிடாஸ் மாநாட்டு மண்டபத்தில் எழிலரசிக்குக் கொடுத்திருந்த வேலை, தொலைந்த பொருட்களின் மேஜையைப் பார்த்துக்கொள்வது. தன்னார்வலர்கள் யாரும் கேட்டு வாங்காத வேலை அது. மதியத்துக்குள் ஒரு குடையும், ஒற்றைக் காதுக்கான இயர்போனும், ஒரு முழுப் பல் செட்டும் வந்து சேர்ந்திருந்தன. பல் செட்டைத் தொலைத்தவர் சாப்பாட்டு வேளையில்கூட அதைத் தேடவில்லையே என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் பிரீத்தி வந்து நின்றாள்.

பிரீத்தியின் முகத்தில் ரத்தமே இல்லை. தன்னார்வலர்களுக்குக் கொடுத்த நீல டி-ஷர்ட்டின் ஓரத்தைக் கசக்கிக்கொண்டே, "அக்கா, நான் பொய் சொல்றேன்னு சொல்றாங்க" என்றாள்.

எழிலரசி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தாள். நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லச் சொன்னாள்.

அந்த மாநாடு வருஷம் தவறாமல் நடப்பது. அரசு அலுவலகங்கள் தொழில்நுட்பத்தையும் சமூக ஊடகத்தையும் எப்படிப் பயன்படுத்தலாம் என்று பேச, சுற்றுவட்டாரத்துச் சின்னச் சின்ன நகராட்சிகளிலிருந்து அதிகாரிகள் வருவார்கள். பேச்சு பாதி, காபிக் கோப்பையோடு நின்று ஒருவரையொருவர் அறிமுகம் செய்துகொள்வது பாதி. ஓடியாடி வேலை செய்ய ஆள் வேண்டும் என்று தமிழ்ச் சங்கத்தைக் கேட்பார்கள். வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள் முதல் ஆளாகப் பெயர் கொடுப்பார்கள். விசாச் சிக்கலில் பல வருஷங்கள் வீட்டோடு இருந்துவிட்டு, இப்போதுதான் வேலை செய்ய அனுமதி வாங்கியிருந்த பிரீத்தியும் அப்படித்தான் வந்தாள். வந்ததற்குக் காலையிலேயே பலனும் கிடைத்தது. லின்டா ஹார்பர் என்ற அம்மாள், ஒரு சிற்றூர் நகராட்சியின் தகவல் அதிகாரி, பிரீத்தியோடு பேசிப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து தன் அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டாள். நகராட்சியின் சமூக ஊடகப் பக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பிரீத்தி கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சென்னையில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்து அழுதிருக்கிறாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு லின்டாவின் நிகழ்ச்சி. வெள்ளம் வந்தால் ஊர் மக்களுக்கு எப்படி எச்சரிக்கை அனுப்புவது என்று மேடையில் செய்து காட்டினாள். அதற்காக இரண்டு டேப்லெட் கொண்டுவந்திருந்தாள். இரண்டுக்கும் ஒரே மாதிரி கறுப்பு உறை. ஒன்று ஊர்ப் பக்கத்தோடு நிஜமாகவே இணைக்கப்பட்டது. மற்றது வெறும் ஒத்திகைக்கு. ஒத்திகைக்கானதன் முதுகில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதைத்தான் எடுத்துவர வேண்டும் என்று காலைக் கூட்டத்தில் தன்னார்வலர்களிடம் சொல்லியிருந்தாள். பிரீத்தி மேடைக்குப் பின்னாலிருந்த டிராயரைத் திறந்து, முதலில் கைக்கு வந்ததில் ஸ்டிக்கர் இருந்ததைப் பார்த்து, அதை எடுத்துக்கொண்டு போய் நீட்டினாள். லின்டா அழுத்தினாள். ஓடை உடைத்துக்கொண்டது, உடனே வெளியேறுங்கள் என்ற செய்தி அந்த ஊரின் நிஜ மனிதர்களுக்குப் போய்விட்டது. மறுப்புச் செய்தி போவதற்குள் ஒரு முதியோர் இல்லத்தில் பாதிப் பேரைப் பேருந்தில் ஏற்றிவிட்டார்கள்.

கூச்சல் அடங்கியபின் பார்த்தால், மேடைக்குப் போன டேப்லெட்டில் ஸ்டிக்கர் இல்லை. ஸ்டிக்கர் இருந்தது டிராயரிலேயே கிடந்தது. அவசரத்தில் மாற்றி எடுத்துவிட்டேன் என்று பிரீத்தி சொல்லியிருந்தால் லின்டா மன்னித்திருப்பாள்; அதை வாய்விட்டே சொன்னாளாம். ஆனால் இவள் ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் எடுத்தேன் என்று மறுபடி மறுபடி சொன்னாள். தவறு செய்கிறவரை வைத்துக்கொள்ளலாம், பொய் சொல்கிறவரிடம் ஓர் ஊரின் பக்கத்தைக் கொடுக்க முடியாது என்று லின்டா முடித்துவிட்டாள். மாலையில் கிளம்புவதற்குள் யோசித்துப் பதில் சொல்லும்படி கெடு வைத்திருக்கிறாள்.

"நம்ம வாலன்டியர் இன்சார்ஜ் சாரதா ஆன்ட்டி சாரி சொல்லிட்டு முடிச்சிடுன்றாங்க," என்றாள் பிரீத்தி. "சொன்னா வேலை கிடைச்சிடும். எனக்கு அந்த வேலை எவ்ளோ வேணும்னு உங்களுக்குத் தெரியும். ஆனா நான் பார்த்தேன்க்கா. பார்த்ததைப் பார்க்கலைன்னு எப்படிச் சொல்றது?"

தண்ணீர்த் துறை ஒன்றின் ஃபேஸ்புக் பக்கத்துக்கு வரும் புகார்களுக்குப் பதில் எழுதுவது எழிலரசியின் சம்பள வேலை. குழாயில் பழுப்புத் தண்ணீர் வருவதிலிருந்து பக்கத்து வீட்டு நாய் குரைப்பதுவரை எல்லாம் அங்கே வரும். படித்துப் படித்து அவளுக்கு ஒன்று புரிந்திருந்தது. முழுப் பொய் சொல்கிறவர்கள் ரொம்பக் குறைவு. அதனால் ஒருவர் கண்ணால் பார்த்தேன் என்றால் அவள் முதலில் அதை நம்பிவிடுவாள். அது உண்மையென்றால் வேறு எதுவெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்று பிறகு யோசிப்பாள்.

"நீ யார்கிட்டயும் சாரி சொல்லாத. இங்கயே உக்காரு. யாராவது பல் செட் கேட்டு வந்தா குடு" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

வம்பு இருக்கும் இடம் சுவாமிநாதனுக்கு எப்படித்தான் தெரியுமோ, அதற்குள் அவர் வந்துவிட்டார். சன்னிவேலில் மகன் வீட்டில் இருப்பவர். சங்கத்தில் எதற்கு ஆள் கேட்டாலும் முதலில் கை தூக்குவார். பொங்கல் விழாவில் காணாமல்போன ஒலிபெருக்கியை எழிலரசி கண்டுபிடித்துக் கொடுத்ததிலிருந்து, அவளுடைய உதவியாளராகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்டிருந்தார். நியமன ஆணையை எழிலரசி இன்னும் பார்க்கவில்லை. அன்று மண்டபக் கதவு திறந்ததிலிருந்து கார் நிறுத்துமிடத்தில் நின்று வண்டிகளுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்ததால், யாரோ டேப்லெட்டை மாற்றி எடுத்துப் பெரிய களேபரம் ஆகிவிட்டது, பிரீத்திக்குக் கிடைத்த வேலை போய்விடும்போல என்பதற்குமேல் அவருக்கு விவரம் தெரியாது. நெற்றியில் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் வெயிலில் லேசாகக் கசிந்திருந்தன. கையில் ஜிப்லாக் பையில் பொரியும் பொட்டுக்கடலையும்.

அன்று ஆயுத பூஜை. கலிஃபோர்னியாவுக்கு அது வெறும் புதன்கிழமை. காலையில் பெயர் அட்டை அச்சடிக்கும் இயந்திரத்தின் பக்கவாட்டில் சந்தனம் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமமும் இட்டுவிட்டுத்தான் சுவாமிநாதன் வெளியே போனார். அப்போது எழிலரசியிடம் அம்பத்தூர் தொழிற்பேட்டையைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். அங்கே இயந்திரப் பராமரிப்பில் ஆயுள் முழுக்க வேலை பார்த்தவர் அவர். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் லேத்துகள் எல்லாம் நிற்கும், ஃபோர்மன் செருமுவதுகூடக் கேட்கும் என்றார். எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவிய தரையில் கோலம் போட்டிருக்கும். கேட்டில் வாழைக்கன்று. லாரிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். புது இயந்திரம் வந்திருந்தால் அதற்கு ஆரத்திகூடச் சுற்றுவார்களாம். அவர் மனைவி ஷ்யாமளா வீட்டில் தன் கையால் செய்த குங்குமத்தை டப்பாவில் எடுத்து வருவாள். கடைக் குங்குமத்தை அந்த அம்மாள் தொட்டதே இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் போய்விட்டாள். சட்டைப்பையிலிருந்த சின்ன டப்பாவைத் தட்டிக் காட்டி, "இது ஷ்யாமளா பண்ணது" என்று மட்டும் சொன்னார். எழிலரசிக்கு அப்போது தன் அப்பாவின் ஞாபகம் வந்தது. ஈரோட்டில் அவர் அச்சகம் வைத்திருந்தார். ஆயுத பூஜையன்று மை வாசனையும் கற்பூர வாசனையும் கலந்து வரும். அதை முகர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

இப்போது சுவாமிநாதன் குரலைத் தாழ்த்தி, தன் துப்பைக் கொடுத்தார். மேடையில் ஒலி, ஒளியைப் பார்த்துக்கொண்டது தீபக். தீபக்கின் மனைவி தீக்ஷாவும் அதே வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள்.

"மோட்டிவ் இருக்கு பாரு," என்றார். "நான் போய் அவனை வாட்ச் பண்றேன்."

எழிலரசி தலையசைத்தாள். அவர் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று தீபக்கைக் கண்காணிக்க ஆரம்பித்தார். தீபக் அவருக்கு இரண்டு தடவை கையசைத்தான்.

மேடைக்குப் பின்னால் வெளிச்சம் குறைவு. எழிலரசி முதலில் டிராயரைத் திறந்து ஒத்திகை டேப்லெட்டை எடுத்துத் திருப்பினாள். கறுப்பு உறையின் வலது மேல் மூலையில் ஸ்டிக்கர் இருந்தது. எழுத்து எதுவும் இல்லை. சுண்டுவிரல் நக அளவில் ஒரு சிவப்பு வட்டம், அவ்வளவுதான். அதன் விளிம்பில் நாள்பட்ட அழுக்கு கறுப்பாகப் படிந்திருந்தது. யாரோ அதை நிஜ டேப்லெட்டிலிருந்து பிரித்து இதற்கு மாற்றி ஒட்டியிருக்கலாம் என்ற எண்ணத்தை அவள் அங்கேயே விட்டுவிட்டாள். பிரித்து ஒட்டியிருந்தால் அந்த அழுக்குக் கோடு கலைந்திருக்கும்.

நிஜ டேப்லெட் மேஜைமேல் இருந்தது. அதன் முதுகு பளிச்சென்று இருந்தது. ஒத்திகை டேப்லெட்டின் உறையில் விரல் ரேகையும் தூசியும் இருக்க, இது மட்டும் இப்போதுதான் குளித்துவிட்டு வந்தது போல. எழிலரசி முகர்ந்து பார்த்தாள். எலுமிச்சை வாசனை அடித்தது.

ஒலிக்கருவி மேஜையில் கிருமிநாசினி ஈரத்தாள் டப்பா ஒன்று இருந்தது. அதன்மேல் எலுமிச்சம்பழப் படம். சிட்ரிக் அமிலம் சேர்த்தது என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது. டேப்லெட்டைத் தொட்டாயா என்று தீபக்கைக் கேட்டாள். தொடவே இல்லை என்றான். எலுமிச்சை வாசனை வருகிறதே என்றதும் அவன் காது சிவந்தது.

"தொடைச்சேனுங்க," என்றான். "கொரோனா காலத்துல வந்த பழக்கம். மேடையில இருந்து என்ன திரும்பி வந்தாலும் ஒரு தாளை உருவித் தொடைச்சு வெச்சிருவேன். அதுக்கப்புறம்தான் யாரும் அதைத் தொடக் கூடாதுன்னு அந்தம்மா சத்தம் போட்டாங்க. பயந்து சொல்லலைங்க."

துடைத்தபோது முதுகில் ஏதாவது பார்த்தாயா என்று கேட்டாள். இருட்டில், எல்லோரும் கத்திக்கொண்டிருக்கும்போது அவன் எதையும் பார்க்கவில்லை. துடைத்த தாளைக் காலடிக் குப்பைக்கூடையில் போட்டிருந்தான். அந்தக் கூடையில் ஒரே ஒரு தாள்தான் கிடந்தது. எழிலரசி அதை நுனியில் பிடித்து எடுத்தாள். வெள்ளைத் தாளில் ஓர் இடத்தில் மட்டும் பளிச்சென்று மஞ்சள் கறை.

தூணை விட்டு வந்த சுவாமிநாதன் எட்டிப் பார்த்துவிட்டு, சான்ட்விச்சில் தடவும் கடுகுச் சாந்து என்று தீர்ப்பு சொன்னார். சாப்பிட்ட கையோடு எவனோ தொட்டிருக்கிறான். எழிலரசி அதையும் முகர்ந்து பார்த்தாள். எலுமிச்சையைத் தவிர வேறு வாசனை இல்லை. அவர் கையிலிருந்த பொரிப் பையைக் காலி செய்யச் சொல்லி, அதற்குள் தாளைப் போட்டு மூடினாள். மிச்சமிருந்த பொரியை அவர் வாயில் போட்டுக்கொண்டார்.

எழிலரசி தன் மேஜைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். எதிரே பெயர் அட்டை இயந்திரம். அதன் பக்கவாட்டில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவாமிநாதனைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே கார் நிறுத்துமிடத்துக்குப் போனாள்.

"அங்கிள், காலையில எதுக்கெல்லாம் பொட்டு வெச்சீங்க?"

அவர் முகம் மலர்ந்தது. மகனுடைய கார், கையில் வைத்திருந்த டார்ச், வரவேற்பு மைக், பெயர் அட்டை இயந்திரம் என்று விரல் விட்டுச் சொன்னார். கதவு திறப்பதற்கு முன்பு மேடைப் பக்கம் போய் எல்லோருக்கும் பொரி கொடுத்ததையும் சொன்னார்.

"அங்க டிராயர்ல ரெண்டு டேப்லெட் கவுத்து வெச்சிருந்தது. ஒண்ணுக்கு யாரோ ஏற்கனவே பொட்டு வெச்சுட்டாங்க. பரவாயில்லையே, இந்த ஊர்லயும் ஞாபகம் வெச்சிருக்காங்களேன்னு சந்தோஷமா இருந்தது. ஆனா இன்னொண்ணு வெறுமனே கிடந்தது. பூஜை நாள்ல ஒண்ணுக்கு வெச்சுட்டு ஒண்ணை விடலாமா? ஈரம் ஆகாதுன்னு சந்தனம் வைக்கல. ஷ்யாமளாவோட குங்குமத்தை மட்டும் எடுத்து, அதே மூலையில, அதே அளவுல..."

எதிரே இருந்தவளின் முகம் மாறுவதைக் கண்டு அங்கே நிறுத்திவிட்டார். எழிலரசி லின்டாவின் ஸ்டிக்கரைப் பற்றி, அதன் நிறத்தைப் பற்றி, அதை வைத்துத்தான் பிரீத்தி எடுத்தாள் என்பதைப் பற்றி மெதுவாகச் சொன்னாள். அவர் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு நேரம் எவன் செய்தான் என்று தேடிக்கொண்டிருந்தவர்.

"நானா?" என்றார். "அந்தப் பொண்ணு பொழப்புல நானா மண்ணைப் போட்டேன்?"

தெரியாமல் நடந்தது, உங்கள் பெயரைச் சொல்லாமலே இதை விளக்க என்னால் முடியும் என்று எழிலரசி சொன்னாள். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, சட்டையை நேராக இழுத்துவிட்டுக்கொண்டு, அந்தம்மா எங்கே இருக்கிறாள் என்று கேட்டார்.

மேடைக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் எல்லோரும் கூடினார்கள். லின்டா கோட்டை மாட்டிக்கொண்டு, கைப்பையைத் தோளில் போட்டபடி நின்றாள். சாரதா ஆன்ட்டி தன்னார்வலர்களுக்குப் பொறுப்பாளர் என்ற முறையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிரீத்தி சுவரோரம். தீபக் கதவோரம், ஓடுவதற்கு வசதியாக. பேச்சு நடந்தது ஆங்கிலத்தில்.

எழிலரசி சுருக்கமாகத்தான் சொன்னாள். "பிரீத்தி ஒரு சிவப்பு வட்டத்தைப் பார்த்ததாகச் சொல்கிறாள். அது உண்மை என்று வைத்துக்கொள்வோம். ஸ்டிக்கரை யாரும் பிரிக்கவில்லை. அதன் விளிம்பு அழுக்கே சாட்சி. அப்படியானால் இன்னொரு டேப்லெட்டிலும் ஒரு சிவப்பு வட்டம் இருந்திருக்க வேண்டும். அது இப்போது இல்லை. ஆனால் அதை ஒருவர் துடைத்திருக்கிறார். அதனால் அது ஒட்டியதல்ல, பூசியது."

பிறகு ஆயுத பூஜை என்றால் என்ன என்று விளக்கினாள். வேலை செய்து சோறு போடும் கருவிகளுக்கு வருஷத்தில் ஒரு நாள் நன்றி சொல்லும் பழக்கம் என்றாள். சுவாமிநாதன் முன்னால் வந்து, வைத்தது நான்தான் என்றார். காலைக் கூட்டத்துக்கு வரவில்லை, அந்தச் சிவப்பு வட்டம் உங்கள் அடையாளம் என்று தெரியாது, யாரோ பூஜைக்கு வைத்த பொட்டு என்று நினைத்துவிட்டேன் என்று தயங்காமல் சொன்னார்.

லின்டா கெட்டவள் அல்ல. ஆனால் அன்றைக்கு ஓர் ஊரே அவளைத் திட்டிக்கொண்டிருந்தது. ஒரு நல்ல பெரியவர் ஒரு பெண்ணைக் காப்பாற்றப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார் என்றுதான் அவளுக்குப் பட்டது. பையில் இருந்த தாளை வாங்கிப் பார்த்தாள்.

"சிவப்புப் பொடியைத் துடைத்தால் தாள் சிவப்பாக அல்லவா இருக்க வேண்டும்?" என்றாள். "இது மஞ்சள்."

"கடைக் குங்குமம் சாயம், சிவப்பாகவே இருக்கும்," என்றாள் எழிலரசி. "இது வீட்டில் செய்தது. மஞ்சள்தூளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவந்துவிடும். எங்கள் வீடுகளில் ஆரத்தி கரைப்பது அப்படித்தான். சின்ன வயதில் நான் மிச்ச ஆரத்தித் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து விளையாடுவேன். புளிப்பு பட்டதும் சிவப்பு போய் மறுபடி மஞ்சள் ஆகிவிடும். இந்த ஈரத்தாளில் இருப்பதும் எலுமிச்சையின் அமிலம்தான்."

தீபக்கிடமிருந்து ஒரு தாளை வாங்கி, பெயர் அட்டை இயந்திரத்தைக் கொண்டுவரச் செய்து, அதன்மேல் இருந்த பொட்டைத் துடைத்தாள். தாள் மஞ்சளானது. லின்டா குனிந்து பார்த்தாள். அடியில் வேறொரு பசை இருக்கிறதே, அதுவே மஞ்சளாகத்தானே இருக்கிறது என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். சந்தனம் அடியில் இருக்கும்வரை அது சாட்சி ஆகாது. சுவாமிநாதன் பொட்டு வைத்த மற்ற எல்லாவற்றிலும், அவர் நெற்றியிலும்கூட அதே கதைதான்.

எழிலரசி அவரைப் பார்த்தாள். கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அவரே சட்டைப்பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தார். காலையில் தாராளமாக வைத்துவிட்டதில், மூலையில் ஒரு சிட்டிகைதான் மிச்சம் இருந்தது. இனி அதைச் செய்துகொடுக்க ஆள் இல்லை.

அறையில் அப்போது முதல்முறையாகப் பிரீத்தி தமிழில் பேசினாள். "வேணாம் அங்கிள். அது ஆன்ட்டி பண்ணது. மூடி வெச்சிடுங்க. நான் சாரி சொல்லிடறேன். நான்தான் மாத்தி எடுத்தேன்னு சொல்லிடறேன்."

மதியத்திலிருந்து எத்தனை பேர் கேட்டும் அவள் சொல்லாத வார்த்தை அது. வேலைக்காகச் சொல்ல மறுத்ததை அந்தச் சிட்டிகைக்காகச் சொல்லத் தயாராகிவிட்டாள். சாரதா ஆன்ட்டி கட்டியிருந்த கையைப் பிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அசடு," என்றார் சுவாமிநாதன். "ஷ்யாமளா இருந்திருந்தா இதை டப்பாவுல வெச்சுப் பார்த்துட்டிருப்பாளா? உன்னை மாதிரி ஒரு பொண்ணு கண்ணைக் கசக்கிட்டு நின்னா, கேக்காமலே எடுத்துக் குடுத்திருப்பா."

மோதிர விரலால் அந்தச் சிட்டிகை முழுவதையும் ஒற்றி எடுத்து, நிஜ டேப்லெட்டின் வலது மேல் மூலையில் வட்டமாக வைத்தார். டிராயரிலிருந்து ஒத்திகை டேப்லெட்டை எடுத்து எழிலரசி பக்கத்தில் கவிழ்த்தாள். அறை விளக்கை தீபக் அணைத்தான். மேடைப் பக்கமிருந்து வந்த அரை வெளிச்சத்தில் இரண்டு கறுப்பு முதுகுகளிலும் இரண்டு சிவப்பு வட்டங்கள். எது எது என்று சொல்லும்படி எழிலரசி லின்டாவைக் கேட்டாள். லின்டா கை நீட்டினாள், யோசித்தாள், கையை இழுத்துக்கொண்டாள்.

விளக்கைப் போட்டதும் எழிலரசி ஈரத்தாளைச் சுவாமிநாதனிடம் கொடுத்தாள். அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு ஒரே இழுப்பாகத் துடைத்தார். தாளில் முதலில் சிவப்பாக வந்த தடம், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளாக மாறியது. லின்டா பையிலிருந்த தாளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரே மஞ்சள்.

அவள் தோளிலிருந்த கைப்பையை இறக்கி வைத்தாள். பிரீத்தியிடம் போய், நான் உன்னைப் பொய் சொல்கிறவள் என்று சொன்னது தவறு என்றாள். கையில் வாங்கியதும் ஒருமுறை திருப்பிப் பார்க்காமல் அழுத்தியது என் தவறு, அதையும் என் அலுவலகத்தில் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள்.

"திங்கட்கிழமை வருவாய் அல்லவா?" என்று கேட்டாள்.

பிரீத்தி தலையாட்டினாள். மதியம் வராத அழுகை இப்போது வந்துவிட்டது. சுவாமிநாதனின் கையைப் பிடித்துக்கொண்டு, விடாமல் நின்றாள்.

வெளியே வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அதிகாரிகள் விசிட்டிங் கார்டுகளைக் கொடுத்து வாங்கிக்கொண்டு, ஒவ்வொருவராகக் காரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எழிலரசியும் சுவாமிநாதனும் அவருடைய மகன் காரின் பக்கத்தில் நின்றார்கள். அவர் காலி டப்பாவைத் திறந்து பார்த்து மூடினார். அவளுக்கு அது கஷ்டமாக இருந்தது.

"எழில், மஞ்சளும் சுண்ணாம்பும்னு சொன்னியே," என்றார் கடைசியில். "எவ்வளவுக்கு எவ்வளவு?"

 ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கைப்பக்குவம். எழிலரசியின் அம்மாவின் அளவு வேறு, ஷ்யாமளாவின் அளவு வேறு.

"தெரியல அங்கிள். அது ஆன்ட்டிக்குத்தான் தெரியும்."

அவர் தலையசைத்தார். கார்க் கதவைத் திறந்தவர், உட்காராமல் அப்படியே நின்றார்.

"வருஷா வருஷம் நவராத்திரிக்கு முன்னாடி பண்ணுவா," என்றார். "அந்த வாசனை ஹால் வரைக்கும் வரும். நான் பேப்பர் படிச்சிட்டிருப்பேன்."